செய்தியை மறைத்தோம், சுமையைக் கொடுத்தோம்

எங்கள் இளைய மகள் இரண்டாம் வகுப்பு மாணவி. சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில், காலையில் நாங்கள் நிரப்பிக் கொடுத்த தண்ணீர்ப் பாட்டில் மாலையில் நிறைந்தபடியே வீடு திரும்பத் தொடங்கியது. கேட்டால், “மறந்துபோச்சு” என்பாள். வெயில் ஏறிக்கொண்டிருந்த நாட்கள் அவை. இரண்டு வாரம் கழித்து, சிறுநீர் கழிக்கும்போது எரிகிறதென்று அழுதாள். மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். சிறுநீர்ப் பாதையில் தொற்று என்று கூறி மருந்து எழுதிக் கொடுத்த அவர், “ஏன் பாப்பா, தண்ணியே குடிக்கிறதில்லையா?” என்று கேட்டார். அதற்கு அவள் கூறிய விடையைக் கேட்டு எங்கள் இருவருக்கும் பேச்சு எழவில்லை.

“தண்ணி குடிச்சா கிட்னி கெட்டுப்போயிடும். அம்மாவுக்கு அப்படித்தான ஆச்சு.”

அவளுடைய அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கி அப்போது எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அந்த எட்டு மாதங்களில் எங்கள் வீட்டில் மிகுதியாக ஒலித்த பேச்சு, ‘தண்ணீர் குடிக்காதே’ என்பதுதான். பாட்டி சொன்னார், அப்பா சொன்னார், பார்க்க வந்த உறவினர் சொன்னார்கள். ஏன் குடிக்கக் கூடாது என்பதை மட்டும் ஒருவரும் அந்தக் குழந்தைக்குச் சொல்லவில்லை. ஆகவே அவளே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டாள். ஏழு வயது அறிவுக்கு அது பிழையற்ற காரணமாகவே பட்டிருக்கிறது.

இக்கட்டுரையை நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். எங்களில் ஒருவர் நோயாளி. மற்றவர் உடனிருந்து பார்த்துக்கொள்பவர். குழப்பம் நேராதிருக்க, எங்கள் பிள்ளைகள் அழைக்கும் முறைப்படியே ‘அம்மா’, ‘அப்பா’ என்று எங்களைக் குறிப்பிடுகிறோம். இந்த இதழை டயாலிசிஸ் பிரிவின் வாசலில் அமர்ந்து படிக்கும் பலர் எங்களைப் போன்றே பள்ளி செல்லும் பெண் குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள் என்பதை அறிவோம். அவர்களிடம் கூற வேண்டிய கருத்து ஒன்று உண்டு.

நோய் புகுந்த வீட்டில் சிறு பெண் குழந்தைகள் இருந்தால், பெரியவர்களாகிய நாம் பெரும்பாலும் இரண்டு காரியங்களைச் செய்கிறோம். நோயைப் பற்றிய செய்தியை அவர்களிடமிருந்து மறைக்கிறோம். நோயினால் வந்த வேலைகளை அவர்களிடம் ஒப்படைக்கிறோம். இது தலைகீழான ஏற்பாடு. செய்தி அவர்களுக்கு உரியது. சுமை நமக்கு உரியது. இதை நாங்கள் எங்கள் பிள்ளைகளை வருத்திய பிறகே கற்றுக்கொண்டோம்.

மறைத்ததற்குக் காரணம் அன்புதான். குழந்தைகள் பயந்துவிடக் கூடாது என்று நினைத்தோம். முதன்முறை மருத்துவமனையில் சேர்ந்தபோது ‘வயிற்றுவலி’ என்றோம். இடது கையில் ஃபிஸ்டுலா அறுவை செய்துகொண்டு கட்டுடன் வந்தபோது ‘அடிபட்டுவிட்டது’ என்றோம். திங்கள், புதன், வெள்ளி என வாரம் 3 நாள் அம்மா காணாமற்போவதற்கு ‘ஊசி போடப் போகிறேன்’ என்றோம். ஆனால் இரண்டு அறைகள் மட்டுமே உள்ள வீட்டில் எதையும் மறைக்க இயலாது. தொலைபேசியில் அத்தை உரக்கப் பேசியதை இளையவள் கேட்டிருக்கிறாள்: “ரெண்டு கிட்னியும் போயிடுச்சாம்.” அன்று அவள் வந்து, “எங்க போச்சு?” என்று கேட்டாள். நாங்கள் சிரித்துவிட்டோம். குழந்தையின் மழலை என்று நினைத்துச் சிரித்தோம். அவள் விளையாட்டுக்காகக் கேட்கவில்லை. அம்மாவின் உடலிலிருந்து ஏதோ ஒன்று எங்கோ போய்விட்டது, அடுத்து அம்மாவும் போய்விடுவாரோ என்றுதான் அவள் கேட்டிருக்கிறாள். சிரித்ததன் மூலம், இனி இதைக் கேட்காதே என்று அவளுக்குச் சொல்லிவிட்டோம். அதன் பிறகு அவள் கேட்கவும் இல்லை.

மூத்தவளின் கதை வேறு. அவள் அப்போது ஐந்தாம் வகுப்பு. எதையும் கேட்கும் இயல்பினள் அல்லள், பார்த்துப் புரிந்துகொள்பவள். ஃபிஸ்டுலா வைத்த கையால் பாரம் தூக்கக் கூடாது என்று மருத்துவமனையில் கூறியிருந்தார்கள். எங்கள் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குழாயில் நீர் வரும். முதல் வாரம் அப்பா குடங்களைத் தூக்கினார். பிறகு ஒரு நாள் அவர் வேலைக்குச் சென்றபின் நீர் வந்தது. மூத்தவள் அரைக் குடமாகப் பிடித்து இழுத்து வந்து அண்டாவை நிரப்பியிருந்தாள். எங்கள் மனம் குளிர்ந்துபோயிற்று. அதன் பின் அது அவளுடைய வேலையாயிற்று. தங்கைக்கு இரட்டைச் சடை பின்னுவது, பால் பொங்காமல் பார்ப்பது, உலர்ந்த துணிகளை மடிப்பது, பாட்டிக்கு மாத்திரை எடுத்துத் தருவது என ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. யாரும் உட்கார்ந்து பங்கிட்டுக் கொடுக்கவில்லை. வேலை இருந்தது, அவள் இருந்தாள், அவ்வளவே.

பார்க்க வந்தவர்கள் அனைவரும் அவளை, “குட்டி அம்மா” என்றார்கள். “இப்படி ஒரு பொண்ணு இருக்கும்போது உனக்கென்ன கவலை?” என்றார்கள். நாங்களும் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமையினால், அவள் மாலையில் தெருவுக்கு விளையாடப் போவதை நிறுத்திவிட்டதைக் கவனிக்கவில்லை. பள்ளியிலிருந்து பெற்றோர் கூட்டத்திற்கு வந்த இரண்டு அழைப்புகளை அவள் எங்களிடம் காட்டவே இல்லை என்பது பின்னர்தான் தெரிந்தது. “ரெண்டும் வெள்ளிக்கிழமை வந்துச்சு. அம்மாவுக்கு டயாலிசிஸ். அப்பா லீவு போட்டா சம்பளம் போயிடும்” என்று காரணம் சொன்னாள். பத்து வயதில் அவள் எங்கள் குடும்பத்தின் வரவு செலவைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் கையில் நாங்கள் கொடுத்த பெரும் சுமை ஒரு நோட்டுப் புத்தகம். காபி, மோர், ரசம் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 1 லிட்டர் என்று அம்மாவுக்கு மருத்துவர் அளவு வகுத்திருந்தார். (இந்த அளவு ஒவ்வொரு நோயாளிக்கும் வேறுபடும், உங்களுடைய அளவை உங்கள் மருத்துவரிடமே கேட்டறியுங்கள்.) ஒவ்வொரு டம்ளரையும் குறித்து வைக்கும் பொறுப்பை மூத்தவளிடம் விட்டோம். கணக்கில் கெட்டிக்காரி என்பதால் விட்டோம். அவளும் கோடு போட்டு, தேதியிட்டு, அழகிய எழுத்தில் எழுதி வந்தாள். “அம்மா, இது நாலாவது டம்ளர்” என்று எச்சரிப்பாள். அதைக் கேட்டு எல்லாரும் சிரிப்போம்.

சென்ற ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. வெள்ளிக்குப் பிறகு திங்கள் வரை டயாலிசிஸ் இல்லாத நீண்ட இடைவெளி அது. உடலில் நீர் சேர்ந்து அம்மாவால் படுக்க இயலவில்லை, மூச்சு வாங்கியது. நள்ளிரவில் ஆட்டோ பிடித்து அவசரப் பிரிவுக்கு ஓடினோம். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுச் சென்றோம். விடியும் முன்பே டயாலிசிஸ் செய்து நீரை அகற்றினார்கள், அம்மா தேறினார். மறுநாள் காலையில் வீடு வந்தபோது, மூத்தவள் அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். இரவு முழுவதும் அவள் உறங்கவில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். எங்களைப் பார்த்ததும், “நான் எங்கயோ ஒரு டம்ளரை விட்டுட்டேன்மா. எத்தனை தடவை கூட்டினாலும் சரியாத்தான் வருது. ஆனா விட்டிருக்கேன்” என்றாள்.

அவள் எதையும் விடவில்லை. புழுக்கம் தாங்காமல், பிள்ளைகள் உறங்கிய பிறகு சமையலறைப் பானையிலிருந்து அம்மா இரண்டு இரவுகள் மொண்டு குடித்ததுதான் காரணம். நோட்டில் இருந்த கணக்கு சரியானது. கணக்கை ஏமாற்றியது நாங்கள். அதை அவளிடம் அன்றே ஒப்புக்கொண்டோம். ஒப்புக்கொள்வதற்கு வெட்கமாக இருந்தது. ஆயினும் ஒரு குழந்தை, ‘என் பிழையால் அம்மா சாக இருந்தாள்’ என்ற எண்ணத்துடன் வளர்வதைவிட, ‘அம்மா திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடித்தாள்’ என்று அறிந்து வளர்வது எவ்வளவோ மேல்.

அந்த வாரச் சனிக்கிழமை காலையில் இருவரையும் சமையலறையில் உட்கார வைத்துச் செய்தியைச் சொன்னோம். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் டயாலிசிஸ் பிரிவின் செவிலியர் ஒருவரிடம் முன்னரே கேட்டிருந்தோம். “நோயின் பேரைச் சொல்லுங்கள். தொற்றாது என்று சொல்லுங்கள். பிள்ளைகளால் வந்ததில்லை என்று சொல்லுங்கள். அம்மா இல்லாத நேரத்தில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்றும் சொல்லுங்கள். மற்றதை அவர்களே கேட்பார்கள்” என்று அவர் கூறினார். அப்படியே நடந்தது.

சிறுநீரகம் அவரவர் கைமுட்டி அளவு இருக்கும் என்றோம். இருவரும் கையை மூடிப் பார்த்துக்கொண்டார்கள். உடம்பிலுள்ள இரத்தம் மீண்டும் மீண்டும் அதன் வழியே ஓட, நலமான இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடித்தெடுத்து, கழிவை மட்டும் பிரித்துவிட்டு, ஏறத்தாழ எல்லாவற்றையும் உடம்புக்கே திருப்பித் தருகின்றன என்றோம். நம் வீட்டுக் குடம் 15 லிட்டர் பிடிக்கும். அப்படியானால் எத்தனை குடம் என்று கேட்டோம். “பன்னிரண்டு” என்றாள் மூத்தவள். அண்டாவை ஒருமுறை பார்த்தாள். அம்மாவின் சிறுநீரகங்களால் இப்போது அந்த வேலையைச் செய்ய முடிவதில்லை. அதனால் குடிக்கும் நீர் வெளியேற வழியின்றி உடம்பிலேயே தங்கிவிடுகிறது. மருத்துவமனையிலுள்ள இயந்திரம் 4 மணி நேரம் இரத்தத்தைச் சுத்தம் செய்து அந்த நீரையும் எடுத்துவிடுகிறது. அதுவரை குறைவாகக் குடிக்க வேண்டும் என்றோம். தண்ணீர் சிறுநீரகத்தைக் கெடுக்கவில்லை. உன் சிறுநீரகங்கள் நன்றாக இருக்கின்றன. நீ தாராளமாகக் குடிக்க வேண்டும் என்று இளையவளிடம் தனியாகவும் சொன்னோம்.

பின்னர் அம்மா இடது கையை நீட்டினார். ஃபிஸ்டுலா என்பது தமனியையும் சிரையையும் இணைத்து வைத்த இடம்; அங்கே விரலை வைத்தால் பூனை உறுமுவது போன்ற ஓர் அதிர்வு தெரியும். பிள்ளைகள் அதுவரை அந்தக் கையைத் தொட அஞ்சியிருந்தார்கள். தொட்டுப் பார்த்த இளையவள், “உள்ள மோட்டார் ஓடுது” என்றாள். பின்னர் மெல்ல ஒரு கேள்வி கேட்டாள். ஒருமுறை உறக்கத்தில் அவள் அம்மாவின் வயிற்றில் உதைத்துவிட்டாளாம். அதனால்தான் இப்படி ஆயிற்றா என்றாள். எட்டு மாதங்களுக்கு மேலாக அந்தக் குற்ற உணர்வை அவள் தனியே சுமந்திருக்கிறாள். செய்தியை மறைத்தால் குழந்தைகளுக்கு அச்சம் இராது என்று எண்ணுவோர் இந்த ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். அச்சம் எப்படியும் இருக்கும். நாம் மறைத்தால், அதைப் பகிர்ந்துகொள்ள அவர்களுக்கு ஆள் இராது.

கடினமான கேள்விகளும் வந்தன. “சரியாயிடுமா?” என்று கேட்டாள் மூத்தவள். கெட்டுப்போன சிறுநீரகங்கள் மீண்டும் சரியாகா என்றும், இயந்திரத்தின் உதவியால் பலர் பல ஆண்டுகள் வாழ்கிறார்கள் என்றும், மாற்றுச் சிறுநீரகத்திற்காகப் பெயர் பதிந்து காத்திருக்கிறோம் என்றும் சொன்னோம். “செத்துப்போயிடுவியா?” என்று கேட்டாள் இளையவள். மாட்டேன் என்று சத்தியம் செய்ய அம்மா வாயெடுத்தார், செய்யவில்லை. “ரொம்ப நாள் உங்களோட இருக்கத்தான் வாரத்துல மூணு நாள் போய்ப் படுத்துட்டு வர்றேன். உடம்பு ரொம்ப மோசமானா உங்ககிட்ட மறைக்க மாட்டோம்” என்றார். அந்த விடை அவளுக்குப் போதுமானதாயிருந்தது. அன்றிரவு அவள் நன்றாக உறங்கினாள்.

மூத்தவள் இன்னொன்றும் கேட்டாள்: “என்னோடதுல ஒண்ணு தரட்டுமா?” சட்டப்படி அது கூடாது என்று சொன்னோம். 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம், உயிருள்ள கொடையாளருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்கிறது. அவளுக்கு விடை கூறும்போதே எங்களுக்கும் ஒன்று உறைத்தது. பெற்றோரின் நோய்க்காக ஒரு குழந்தை தன் உடலின் ஒரு பகுதியைத் தருவதற்குச் சட்டம் வயது வரம்பு வைத்திருக்கிறது. தன் மாலை நேரத்தை, உறக்கத்தை, படிப்பைத் தருவதற்கு எந்த வரம்பும் இல்லை. அந்த வரம்பை வீட்டிலுள்ளவர்கள்தான் வைக்க வேண்டும்.

இதற்கு மறுப்பு வரும் என்பதை அறிவோம். ‘எங்கள் காலத்தில் பத்து வயதில் உலையேற்றினோம், என்ன கெட்டுப்போயிற்று?’ என்று பாட்டியே கேட்டார். வீட்டு வேலை பழகுவது குழந்தைகளுக்கு நல்லது என்பதில் எங்களுக்கும் ஐயமில்லை. நோயுற்ற அம்மாவுக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்ற ஆசை குழந்தைக்கு இருக்கும். அதை முற்றிலும் தடுப்பதும் கொடுமைதான். ஆனால் வேலைக்கும் சுமைக்கும் வேறுபாடு உண்டு. ஒரு வேலையைக் கொடுக்குமுன் நாங்கள் இப்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறோம். செய்து முடித்ததும் அது மனத்தைவிட்டு நீங்குமா? அதில் பிழை நேர்ந்தால் யாருடைய உடலுக்காவது கேடு வருமா? இவ்வயதில் ஒரு மகன் இருந்தால் அவனிடமும் இதைக் கொடுத்திருப்போமா?

துணி மடிப்பது வேலை; முடித்ததும் மறந்துவிடலாம். அம்மாவின் நீரளவைக் கணக்கிடுவது சுமை. பிழை நேர்ந்தால் உயிர் தொடர்பானது. மாத்திரை எடுத்துத் தருவதும், அம்மாவுக்காக நறுக்கிய காய்களை வேகவைத்து அந்தக் கொதிநீரை வடித்துக் கொட்டுவதும், மூச்சு வாங்குகிறதா என்று இரவில் விழித்துப் பார்ப்பதும் அவ்வாறே. இவை எதுவும் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உரியவை அல்ல. நோட்டு இப்போது அம்மாவின் கையில் இருக்கிறது. காலையில் அவரே 1 லிட்டர் பாட்டிலில் நீரை அளந்து வைத்துக்கொள்கிறார்; காபி குடித்தால் அந்த அளவு நீரைப் பாட்டிலிலிருந்து ஊற்றிவிடுகிறார். அது அவருடைய உடல், அவருடைய கணக்கு.

மூன்றாவது கேள்வியைச் சிலர் விரும்பமாட்டார்கள். ஆனால் கேட்டே ஆக வேண்டும். 2019-ஆம் ஆண்டு இந்திய அரசு, 6 வயது முதல் எல்லா வயதினரும் தம் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று நாடு முழுவதும் கணக்கெடுத்தது. வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட, ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள் செலவிட்டார்கள். ஆண்களில் அத்தகைய வேலையில் ஈடுபட்டவர்களே 26.1 விழுக்காட்டினர்தாம்; பெண்களில் 81.2 விழுக்காட்டினர். அம்மா படுத்துவிட்டால் அந்த 299 நிமிடங்கள் மறைந்துவிடுவதில்லை. யாரேனும் செய்தாக வேண்டும். எங்கள் வீட்டில் அப்பாவும் இருந்தார். ஆயினும் அவை பத்து வயது மகளிடம் போய்ச் சேர்ந்தன. இது அவள் பொறுப்பானவள் என்பதால் மட்டும் நேர்ந்ததன்று. அவள் பெண் என்பதாலும் நேர்ந்தது.

ஆகவே அப்பா கற்றுக்கொண்டார். குடம் தூக்குவதும் உலை வைப்பதும் எளிதாக வந்தன. இரட்டைச் சடைதான் வரவில்லை. ரிப்பனை மடித்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கச் செய்வதற்கு ஒரு மாதம் ஆயிற்று. ‘உங்க வீட்ல யார் பின்னி விட்டாங்க?’ என்று வகுப்பில் கேட்டுச் சிரித்ததாக இளையவள் வந்து சொன்னாள். ஆனால் சடையை அவிழ்க்கச் சொல்லவில்லை.

எங்களுக்கு வாய்த்த துணை எல்லாருக்கும் வாய்க்காது என்பதை மறக்கவில்லை. கணவரை இழந்து தனியாக டயாலிசிஸுக்கு வரும் பெண்களை இதே பிரிவில் பார்க்கிறோம். ஒரு நாள் கூலியை விட்டால் அன்றைய அடுப்பு எரியாத வீடுகள் உண்டு. அவர்களிடம் ‘மகளுக்கு வேலை கொடுக்காதீர்கள்’ என்று கூறுவது எளிது, நடைமுறை அப்படியன்று. எனினும் அங்கும் சில செய்யலாம். சுமையைக் குறைக்க இயலாவிட்டாலும் செய்தியைச் சொல்லலாம். அதற்குப் பணம் வேண்டா. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இருக்கிறது. விடியலில் டயாலிசிஸுக்குப் புறப்படும் தாயின் பிள்ளைகள் அங்கே உண்ணட்டும். அதில் குறைவொன்றும் இல்லை. வகுப்பாசிரியரிடம் நேரில் சென்று வீட்டு நிலையை ஒருமுறை சொல்லிவிடுங்கள். நாங்கள் சொன்ன பிறகு, மூத்தவளின் ஆசிரியை பெற்றோர் சந்திப்பை எங்களுக்காக ஒரு செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிக் கொடுத்தார். கேட்டிருந்தால் முன்பே கொடுத்திருப்பார்.

உறவினருக்கும் ஒரு வேண்டுகோள். நோயாளியைப் பார்க்க வருகையில் சாத்துக்குடியும் வாழைப்பழமும் இளநீரும் வாங்கி வருகிறீர்கள். பொட்டாசியம் மிகுந்திருப்பதால் அவை எங்களைப் போன்றவர்களுக்கு ஆகாதவை. வீட்டிலுள்ள மற்றவர்கள் உண்டு தீர்க்கிறோம். அதற்கு மாறாக ஒரு மாலை நேரத்தைக் கொண்டு வாருங்கள். ‘புதன்கிழமைதோறும் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நான் அழைத்து வருகிறேன்’ என்று ஒருவர் சொன்னால், அது ஒரு கூடைப் பழத்தைவிடப் பெரிது. மற்றொன்று: எங்கள் மகளைக் ‘குட்டி அம்மா’ என்று அழைக்காதீர்கள். நீங்கள் பாராட்டாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் அந்தப் பெயரை ஒருமுறை ஏற்றுக்கொண்ட குழந்தை, களைத்துப்போயிற்று என்று சொல்லக் கூசும். அவளிடம் என்ன படிக்கிறாய், யாருடன் விளையாடுகிறாய் என்று கேளுங்கள்.

மருத்துவமனையினரிடம் கேட்டுக்கொள்ளவும் இரண்டு உண்டு. டயாலிசிஸ் நேரத்தை ஒதுக்கும்போது, வீட்டில் பள்ளி செல்லும் குழந்தைகள் உண்டா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இயன்றவர்களுக்குப் பள்ளி நேரத்திலேயே இடம் கொடுங்கள். தொற்று அச்சத்தால் குழந்தைகளை உள்ளே விட இயலாது என்பது நியாயம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று ஒருமுறை மட்டும் பார்க்க விடுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அப்படி ஐந்து நிமிடம் கிடைத்தது. இயந்திரத்தில் சிவப்புக் குழாய்கள் சுழல்வதையும், அம்மா கையசைப்பதையும், பக்கத்துப் படுக்கையில் ஒரு தாத்தா செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பதையும் பார்த்தார்கள். அவர்கள் கற்பனை செய்து வைத்திருந்த இடம் அதைவிடப் பன்மடங்கு அச்சமூட்டுவதாக இருந்திருக்கிறது. “இவ்வளவுதானா?” என்றாள் இளையவள்.

எல்லாம் சீராகிவிட்டது என்று எழுதினால் அது உண்மையாகாது. டயாலிசிஸ் முடிந்து வரும் நாட்களில் அம்மா இரவுவரை எழுவதில்லை; அன்று வீடு அரைகுறையாகத்தான் நடக்கும். பழைய பழக்கத்தில் மூத்தவள் இன்னமும் குடத்தைத் தூக்கப் போவாள். வேண்டாம் என்று நாங்கள் தடுத்தால் கோபப்படுவாள். வேலையைக் கொடுத்தபோது பெருமையையும் சேர்த்துக் கொடுத்தோம். எடுக்கும்போது இரண்டையும் எடுத்துக்கொள்கிறோம் என்று அவளுக்குப் படுகிறதோ என்னவோ. அதற்கு எங்களிடம் முழுமையான விடை இல்லை. பொறுமையாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். சென்ற வாரம் அவள் தெருவில் பாண்டி விளையாடிவிட்டு முழங்காலில் சிராய்ப்புடன் வந்தாள். வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று அப்பா கடிந்துகொண்டார். அவளும் எதிர்த்துப் பேசினாள். உள்ளறையில் படுத்திருந்த அம்மா அதைக் கேட்டு மகிழ்ந்தார்.

இளையவளின் தண்ணீர்ப் பாட்டில் இப்போது காலியாகவே வீடு திரும்புகிறது. அதைத் தினமும் மாலையில் நாங்கள் பார்க்கிறோம். உங்கள் வீட்டுப் பிள்ளையின் பாட்டிலையும், நோட்டையும், அவள் கேட்காமல் விட்ட கேள்விகளையும் இன்று மாலை ஒருமுறை பாருங்கள் என்றே கேட்டுக்கொள்கிறோம்.